கோப்பைக்கு அடுத்த நாள்

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. வங்கிப் பணியில் இருப்போருக்கு அந்தத் தேதியின் அருமை தெரியும். முந்தைய இரவு ஆண்டுக் கணக்கை முடித்து, நள்ளிரவுக்குப் பின் கிளையைப் பூட்டிவிட்டு, கண்கள் எரிய வீடு திரும்பியிருப்போம். நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடலோர ஊர்களில் அன்று உயிர்ப்புப் பெருவிழா. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்து அன்றோடு சரியாக ஓராண்டு நிறைவுற்றிருந்தது. இவை எவற்றோடும் தொடர்பில்லாததுபோல், கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 32 முறை அக்கோப்பையை வென்றிருந்த வங்காளமும், 14 ஆண்டுகளாக அதைக் காணாதிருந்த கேரளமும் மோதின.

அந்த ஆண்டுக் கேரள அணியின் பயணத்தைச் சற்று நினைவுகூர்வோம். பிரிவு ஆட்டங்களில் சண்டிகரை 5-1, மணிப்பூரை 6-0, மகாராஷ்டிரத்தை 3-0 என வென்று, வங்காளத்தை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வீழ்த்தினார்கள். அரையிறுதியில் மாற்று வீரராக இறங்கிய அஃப்தல் அடித்த ஒரே கோல் மிசோரத்தை வெளியேற்றியது. இறுதி ஆட்டத்தில் எம்.எஸ். ஜிதின் முதல் கோலை அடித்தார், வங்காளம் சமன்செய்தது. கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது விபின் தாமஸ் தலையால் முட்டி இரண்டாம் கோலைப் போட்டார். இனிக் கோப்பை நமதே என்று எண்ணிய வேளையில், ஆட்டத்தின் கடைசி மூச்சில் கிடைத்த ஃப்ரீ கிக்கை வங்காளத்தின் தீர்த்தங்கர் சர்க்கார் வலைக்குள் செலுத்திவிட்டார். 2-2. பின்பு டைபிரேக்கர். வங்காளத்தின் முதல் இரண்டு உதைகளையும் கோல்காப்பாளர் மிதுன் தடுத்தார். 4-2 என்ற கணக்கில் கேரளம் ஆறாம் முறையாக வாகை சூடியது.

இதுவரை சொன்னவை நாளிதழ்களில் வந்தவை. நாம் பேச விரும்புவது, அன்று கோப்பையை உயர்த்திப் பிடித்தவர்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி. அணித்தலைவர் ராகுல் வி. ராஜ் ஒரு வங்கி ஊழியர். கோல்காப்பாளர் மிதுனும் அப்படியே. நடுக்களத்தில் ஆடிய சீசனும் அப்படியே. மூவரும் பாரத ஸ்டேட் வங்கியினர். திருவாங்கூர் வங்கி இருந்த காலத்தில் கேரள பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்ற அதன் கால்பந்து அணி, இணைப்புக்குப் பின்னும் புதிய பெயரில் ஆடிவந்தது. போட்டி வங்கியின் பணியாளர்களை நமது இதழில் புகழ்வதா என்று இதழாசிரியர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும், நல்ல காரியம் யார் செய்தாலும் அதைச் சொல்லவேண்டியது நமது கடமை.

சீசனின் ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடி. அதைத் தாண்டினால் கொல்லங்கோடும் நீரோடியும், அதாவது கன்னியாகுமரி மாவட்டம். மீன்பிடிப்பைத் தவிர வேறு பிழைப்பு அரிதாக உள்ள அந்த ஊர், சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்திருக்கிறது. பொழியூரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் பாறசாலை, அதற்கு வடக்கே பெருங்கடவிளை. ரப்பர் மரங்களும் மரவள்ளித் தோட்டங்களும் நிறைந்த மேட்டு நிலம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை இப்பக்கமே நின்றுவிட்டது. ஆயினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், மாலையில் பந்து விளையாடுவதும் எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இருபுறமும் ஏராளம். அறுவடையான விளையில் நான்கு கம்புகளை நட்டால் கோல் கம்பம் ஆயிற்று. இப்பகுதியில் பணியாற்றிய ஆண்டுகளில் நாம் கண்டது இது: இங்குள்ள இளைஞர்களுக்குப் பந்து கிடைப்பது எளிது, களம் கிடைப்பதும் எளிது, 21 வயதுக்குப் பின் தொடர்ந்து ஆடுவதற்கு ஒரு காரணம் கிடைப்பதுதான் அரிது.

அந்தக் காரணத்தின் பெயர் மாதச் சம்பளம். நமது கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஓர் அணி வாகை சூடும் ஆண்டை உருவாக்குவது பரிசுத்தொகை அன்று. பாராட்டு விழாவும் அன்று. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் யாரோ தவறாமல் கொடுத்துவந்த சம்பளம்தான். இதைக் கேரளத்தின் முதல் வெற்றியே காட்டியிருக்கிறது.

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இரயில்வே அணி. அணித்தலைவர் மணி ஒருவரே மூன்று கோல்களையும் அடிக்க, 3-2 என்ற கணக்கில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. அவர் இறுதிவரை ‘கேப்டன் மணி’ என்றே அழைக்கப்பட்டார். அந்த அணிக்குப் பயிற்சி அளித்தவர் ஒரு தமிழர் என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ்தான் அவர். இந்தியக் கால்பந்து அணி அதற்குப் பின் எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. எனவே நாட்டின் கடைசி ஒலிம்பிக் கோல் இன்றளவும் அவருடையதே. தமிழ்நாடு இதுவரை ஒருமுறைகூட வெல்லாத கோப்பையை, தமிழர் ஒருவர் பக்கத்து மாநிலத்துக்கு வாங்கித் தந்திருக்கிறார்.

அந்த அணியினர் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். மணி, ஆலுவாவின் எஃப்.ஏ.சி.டி. உரத் தொழிற்சாலை ஊழியர். துணைத்தலைவர் ஜாஃபரும் கோல்காப்பாளர் விக்டர் மஞ்ஞிலாவும் களமசேரி பிரீமியர் டயர்ஸ். நஜிமுதீன் திருவனந்தபுரம் டைட்டானியம். உரம், டயர், இரசாயனம். கேரளக் கால்பந்தின் முதல் பொற்காலத்தைத் தாங்கியவை இவையே. பகலில் ஆலையில் கையெழுத்து, மாலையில் களத்தில் பயிற்சி. இது கேரளத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. நெதர்லாந்தின் பி.எஸ்.வி. அணி பிலிப்ஸ் மின்விளக்கு ஆலையின் தொழிலாளர்களுக்காக 1913-இல் தொடங்கப்பட்டது. 1993-இல் ஜப்பான் தனது தொழில்முறை லீகைத் தொடங்கியபோது அதில் ஆடிய அணிகள் பல, மிட்சுபிஷி, ஃபுருகாவா போன்ற நிறுவனங்களின் ஊழியர் அணிகளாக இருந்து வளர்ந்தவை. அவர்கள் ஆலை அணியை அடித்தளமாக வைத்து மேலே கட்டினார்கள். நாமோ அடித்தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு மேல்மாடியை முதலில் கட்டத் தொடங்கினோம். பிரீமியர் டயர்ஸ் என்ற பெயரில் இன்று அணி இல்லை. குண்டறை அலிண்டு அணியும் பழைய ஆட்டக்காரர்களின் பேச்சில் மட்டுமே இருக்கிறது.

இரண்டாவது சான்று காவல்துறை. 1984-இல் கேரளக் காவல்துறை கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கி, ஆட்டக்காரர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயன் என்ற சிறுவன், பதின்பருவத்திலேயே அந்த அணிக்குள் வந்தான். வி.பி. சத்யன், ஷரஃப் அலி, பாப்பச்சன் எனப் பெயர்கள் நீளும். ஆறே ஆண்டுகளில், 1990-இல், திருச்சூரில் கோவாவின் சல்காவ்கரை வென்று ஃபெடரேஷன் கோப்பையைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு கண்ணூரில் மீண்டும் பெற்றார்கள். 1992-இல் சத்யன் தலைமையில் கேரளம் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என வென்று, 18 ஆண்டுகளுக்குப் பின் சந்தோஷ் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. விஜயன் மோகன் பகான் உள்ளிட்ட பெரிய அணிகளுக்குப் போனார்; பின்பு காவல்துறைக்கே திரும்பினார். 2025-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தபோது அவர் காவல்துறை அதிகாரி. சோடாப் புட்டிக்கும் அந்த விருதுக்கும் நடுவே ஒரு சம்பளப் பட்டியல் இருந்தது என்பதை மறக்கலாகாது.

சத்யனின் வாழ்வு வேறு திசையில் சென்றது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இல்லையேல் நமது வாதம் விளம்பரமாகிவிடும். அவர் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது அணித்தலைவர் அவரே. அந்த அணியில் இருந்த சபீர் பாஷாவும் இந்தியன் வங்கி ஆட்டக்காரரே. தேசிய லீகில் கொல்கத்தா, கோவா அணிகளுக்கு ஈடாக ஒரு வங்கி அணி களமிறங்கிய காலம் அது. ஆடி முடித்தபின் சத்யன் வங்கி அணிக்குப் பயிற்சியாளரும் ஆனார். வேலை இருந்தது, மதிப்பு இருந்தது. ஆனால் காயங்களும், ஆட்டம் நின்றுபோன வெறுமையும் அவரை வருத்தின. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில், 41 வயதில், அவர் வாழ்வு முடிந்தது. சம்பளம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆடிய கால்கள் ஓய்ந்தபின் அம்மனிதரோடு யார் பேசுகிறார்கள் என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை நம்மிடம் முழுமையாக இல்லை.

இனிக் கல்லூரிக்கு வருவோம். ஏனெனில் மேற்சொன்ன அணிகளுக்கெல்லாம் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது. 2018 அணியின் பயிற்சியாளர் சதீவன் பாலன், கோழிக்கோடு பல்கலைக்கழக அணியை அகில இந்தியப் பட்டங்களுக்கு அழைத்துச் சென்றவர். 2022-இல் கேரளம் ஏழாம் முறை வென்றதே, அப்போதும் அப்படித்தான். ஏப்ரல் 28 அன்று மஞ்சேரி பய்யநாட்டில் நடந்த அரையிறுதியில் கர்நாடகம் முதலில் கோல் அடித்தது. முப்பதாவது நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கினார் ஜெசின் என்ற இளைஞர், மாம்பாடு எம்.இ.எஸ். கல்லூரி மாணவர். ஒருவராக ஐந்து கோல்களை அடித்தார். 7-3. மே 2 அன்று வங்காளத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் பின்தங்கி, 116-ஆவது நிமிடத்தில் சஃப்நாதின் தலையடியால் சமன்செய்து, டைபிரேக்கரில் 5-4 என வென்றது கேரளம். அணித்தலைவர் ஜிஜோ ஜோசப், மறுபடியும் ஒரு வங்கி ஊழியர். கல்லூரி மாணவன் கோல் அடிக்க, வங்கி ஊழியர் கோப்பையை வாங்கினார். இந்த இருவருக்கும் இடையில்தான் நமது கட்டுரையின் சாரம் இருக்கிறது: முதலாமவர் இரண்டாமவராக மாறும் வழி எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது?

அந்த வெற்றிக்குப் பின் கேரள அரசு வீரர் ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாய் அறிவித்தது. மகிழ்ச்சிதான். வங்கிக்காரர் என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 5 இலட்சத்தை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். மாதம் 3,000 ரூபாய்க்கும் குறைவு. ஒரு சோடி நல்ல பந்துக் காலணி அதைவிட விலை கூடியது. 2018-இல் அரசு செய்த அறிவிப்பு இதனினும் தொலைநோக்குடையது என்பது நமது எண்ணம். பணம் வீரருக்கு 2 இலட்சம்தான். ஆனால் வேலையில்லாதிருந்த 11 வீரர்களுக்கு அரசு வேலை என்றும் சேர்த்துச் சொன்னது. இதில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது. நாட்டின் தலைசிறந்த மாநில அணியில் இருந்த வீரர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கோப்பையை வெல்லும் நாள்வரை வேலையின்றியே ஆடியிருக்கிறார்கள்.

இங்கே நமது கிளையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பெருங்கடவிளைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் நகைக்கடனுக்கு வந்தார். உடன் வந்த மகன் நடையில் ஒரு சாய்வு. கல்லூரி அணியில் பின்களம் ஆடுபவராம். அந்த ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவர்கள் அணிதான் முதலிடம். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குத்தான் இந்த நகை. கைப்பேசியில் கோப்பையோடு நிற்கும் படத்தைக் காட்டி, “சாரே, நடுவுல நிக்கது இவந்தான். கப்பு வாங்கினவனுக்கு பாங்கில வேலை உண்டுன்னு சொல்லுதாவ, நேரா?” என்று கேட்டார். மகன் வெட்கத்தோடு, “அம்மா, சும்மா இரி” என்றார்.

நேர்மையாகச் சொன்னால், அந்தக் கேள்விக்கு அன்று உடனே விடை சொல்ல இயலவில்லை. விதிகளைத் தேடிப் படித்தபின்தான் விளங்கியது. அதை இங்கே விரிவாகவே எழுதுகிறோம். ஏனெனில் இப்படிக் கேட்கும் பெற்றோர் நமது வாடிக்கையாளருள் பலர்.

மத்திய அரசுத் துறைகளில் ‘சி’ பிரிவின் நேரடி நியமன இடங்களில் 5 விழுக்காடு வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்பலாம். கால்பந்து அதற்குரிய விளையாட்டுகளுள் ஒன்று. தகுதி யாருக்கு? நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள். தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணியில் ஆடியவர்கள். இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய சொல் ‘பல்கலைக்கழகம்’. கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றிருந்தாலும், அதை மட்டும் கொண்டு இந்த வாயிலில் நுழைய இயலாது. அக்கோப்பையைப் பார்த்துத் தேர்வாளர்கள் உங்கள் மகனைப் பல்கலைக்கழக அணிக்கு எடுத்திருக்கவேண்டும். அவர் அகில இந்தியப் போட்டியில் களமிறங்கியிருக்கவேண்டும். அதற்கான சான்றைப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பு அதிகாரி மூன்றாம் படிவத்தில் கையொப்பமிட்டுத் தந்திருக்கவேண்டும். பதக்கமும், நாளிதழ்ப் படமும், கல்லூரி முதல்வரின் பாராட்டுக் கடிதமும் அந்தப் படிவத்துக்கு ஈடாகா. பொதுத்துறை வங்கிகளும் நிறுவனங்களும் ஆளெடுக்கும்போது தத்தம் விதிகளை வகுத்துக்கொள்கின்றன. அங்கும் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த நிலைச் சான்றுகளே. கேரளத்தில் மாநில அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50 இடங்கள் வைத்திருக்கிறது. அந்த 50-க்குள் தடகளமும் நீச்சலும் கைப்பந்தும் கபடியும் எல்லாம் அடங்கும்.

ஆகவே, கல்லூரிக் கோப்பைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. கோப்பை வந்ததும் கல்லூரி வாயிலில் பெரிய பதாகை எழும். அதில் மாணவர் படத்தைவிடப் பெரிதாக வேறு சிலர் படங்களும் இருக்கும். படிவத்தைப் பற்றி மட்டும் பேச்சிருக்காது. மூன்றாண்டு முடிந்து வெளியேறியபின், சான்று வேண்டி அலைபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பயிற்சியாளர் மாறியிருப்பார், பதிவேடு எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். விளையாடும் ஆண்டிலேயே சான்றைக் கையில் வாங்கி, நகலெடுத்து, நகைப்பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை வேண்டுகிறோம்.

காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிப் பிரதமர் சுரக்ஷா காப்பீட்டில் சேர்ந்திருந்தால் மருத்துவச் செலவு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அத்திட்டம் விபத்தில் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. அறுந்த தசைநாருக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. அந்த அம்மையாரிடமும் இதைத்தான் சொல்லவேண்டியிருந்தது. கல்லூரியின் பெயரில் ஆடும் இருபது மாணவர்களுக்குக் கல்லூரியே குழு மருத்துவக் காப்பீடு எடுத்தால் ஆகும் செலவு, வெற்றி விழாவின் பந்தல் செலவுக்குள் அடங்கிவிடும் என்பது நமது ஊகம்.

இவ்விடத்தில் மறுப்பொன்று எழும். பந்து உதைப்பவருக்கு வங்கியில் என்ன வேலை, வைப்பாளரின் பணத்தில் விளையாட்டுக்குச் சம்பளமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அந்த ஆட்டக்காரர் ஆடுவது பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். வங்கியில் பணியாற்றுவது முப்பது ஆண்டுகளுக்கு மேல். ஆடி ஓய்ந்தபின் கவுன்டரில் அமர்ந்து பணி செய்யும் அலுவலரைப் பல கிளைகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர் முன்னாள் மாநில வீரர் என்பதை அறியாமலே பணம் கட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். ஓர் ஊரில் அனைவரும் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் கிளையில் இருப்பதன் பயனை எந்த விளம்பரத்தாலும் வாங்க இயலாது. இது நமது அனுபவம்.

தனியார் லீகுகள் வந்துவிட்டனவே, இனி வங்கியும் ஆலையும் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. 2024-இல் சூப்பர் லீக் கேரளாவும் ஆறு அணிகளோடு தொடங்கியது. நல்ல மைதானம், நல்ல பயிற்சி, சிலருக்கு நல்ல பணம். அவற்றை வரவேற்கிறோம். ஆனால் அவை தருவது ஒப்பந்தம், வேலை அன்று. 2025-இல் சூப்பர் லீகின் ஒளிபரப்பு, வணிக உரிமை குறித்த ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த குழப்பத்தில் போட்டித் தொடரே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தனது முதல் அணி வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது, சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. நாட்டின் முன்னணி வீரர்களின் நிலையே இது. பொழியூரிலிருந்து புறப்படும் இருபது வயது இளைஞனுக்கு யார் பொறுப்பு?

வெற்றி ஆண்டைப் பற்றியே பேசிவிட்டோம். 2019 பிப்ரவரியையும் சொல்லவேண்டும். நடப்பு வாகையராகக் கேரள அணி, தென்மண்டலத் தகுதிச் சுற்றுக்கு நமது நெய்வேலிக்கு வந்தது. இம்முறை அணித்தலைவர் பொழியூர் சீசன். தெலங்கானாவோடு 0-0. புதுச்சேரியோடு 0-0. சர்வீசஸ் அணியிடம் 0-1. முந்தைய ஆண்டு கொல்கத்தாவில் கோல் மழை பொழிந்த அணி, ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. எவரும் மாலையோடு இரயில் நிலையத்துக்கு வரவில்லை. பரிசுத்தொகையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஆயினும் வேலையில் இருந்தவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் வழக்கம்போல் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். தோற்ற மாதத்திலும் வருகிற அந்தத் தொகைதான் ஒருவனை அடுத்த ஆண்டும் காலணியை மாட்டச் செய்கிறது. 2022-இல் மஞ்சேரியில் கேரளம் மீண்டும் வென்றபோது, 2018-இன் கோல்காப்பாளர் மிதுன் அணியில் இருந்தார்.

இதை ஒரு வேண்டுகோளாக வைக்கிறோம். நமது வங்கி உட்பட எல்லா வங்கிகளும், ஆண்டுக்கு நான்கைந்து பேரையேனும் பல்கலைக்கழக அணிகளிலிருந்து எடுக்கட்டும். பெருநகரத்துக் கழகங்களைப் பார்த்து எடுக்காமல், எல்லையோரத்துக் கல்லூரிகளுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் வந்து பார்த்து எடுக்கட்டும். வாடிக்கையாளர்களாகிய நீங்களும் உங்கள் ஊர்க் கல்லூரி கோப்பை வென்றால் பதாகைக்கு நன்கொடை கேட்டு வருவோரிடம், மாணவர்களின் சான்று வாங்கியாயிற்றா, காப்பீடு எடுத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த அம்மையாரின் மகன் அறுவை சிகிச்சை முடிந்து, ஓராண்டு கழித்து நகையை மீட்க வந்தார். நடையில் சாய்வு இல்லை. மூன்றாம் படிவத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொன்னோம். காயத்துக்கு முந்தைய ஆண்டு பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று வெளிமாநிலம் சென்று இரண்டு ஆட்டங்கள் ஆடியதாகச் சொன்னார். சான்று எதுவும் வாங்கவில்லையாம். “அதுக்கு அப்பம் ஒரு வெலையும் தெரியல்ல சார்” என்றார். ஆண்டையும், ஆட்டம் நடந்த ஊரையும், பயிற்சியாளர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நகைப் பொட்டலத்தை எண்ணிச் சரிபார்த்து வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தபின், அந்தத் தாளை நான்காக மடித்து அதற்கு மேல் வைத்தார். திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சென்றார்.